ஊருக்குள்ள மனநல உதவிக் குழு: எங்கயிருந்து தொடங்கிறது?

முத்தையன்கட்டான்

வணக்கம். எங்கட கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து ஊரில ஒரு மனநல உதவிக் குழு தொடங்க யோசிக்கிறம். 140 குடும்பம் இருக்கு. தனிய இருக்கிற வயது போன ஆக்கள் 20 பேருக்குக் கிட்ட. சிலற்ற பிள்ளையள் வெளிநாட்டில, சிலருக்குப் பிள்ளை எங்க எண்டே தெரியாது. மற்றப் பக்கம் ஓ.எல். சோதினை எழுதிப்போட்டு வீட்டில நிக்கிற பெடியள், பெட்டையள். பகல் முழுக்க நித்திரை, இரவு முழுக்க போன், சிலர் குடி. முல்லைத்தீவு மாஞ்சோலை ஆசுபத்திரிக் கிளினிக்குக்குப் போறதெண்டால் சந்திக்கு வந்து பஸ் மாறவேணும். ஒரு நாள் கூலி போயிடும்.

முதல் கூட்டத்தில வந்த தீர்மானம் மூண்டு: வெளியில இருந்து வளவாளர் ஒராளைக் கூப்பிட்டு விழிப்புணர்வுக் கருத்தரங்கு, இளைஞர் நாலு பேருக்கு இரண்டு நாள் கவுன்சிலிங் பயிற்சி, வயது போன ஆக்களுக்கு உலர் உணவுப் பொதி. இது சரியான தொடக்கமோ? எத்தினை பேர் வேணும், என்ன செய்யக்கூடாது, கிளினிக்கைக் கிட்டக் கொண்டுவர வழி இருக்கோ எண்டு விபரமாச் சொல்லுங்கோ.

பாலைமரத்தடி

தம்பி, கருத்தரங்கைக் கடைசிக்குத் தள்ளுங்கோ. கதிரையில வந்து இருக்கிறவைக்கு அது அவ்வளவு தேவையில்லை. தேவையான ஆள் அண்டைக்குப் படலையே திறக்காது.

இரண்டு நாள் பயிற்சியோட கவுன்சிலிங் செய்ய ஆக்களை விடவே கூடாது. அந்த நாலு பெடியளும் போய் ஒரு அம்மாவுக்கு முன்னால இருந்து "2009 கடைசிப் போரில என்ன நடந்தது, சொல்லுங்கோ" எண்டு தோண்டுவினம். அம்மா சொல்லுவா, அழுவா. இவை எழும்பி வந்திடுவினம். இரவு அவ தனிய. நடந்ததைச் சொல்லச்சொல்லி ஆரையும் வற்புறுத்தாதேங்கோ எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் 2011இல வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும் சொல்லுது. அதின்ர சாரம் மூண்டு சொல்: பார், கேள், இணை. உங்கட குழுவுக்கு அது போதும். அதில மூண்டாவதுதான் எங்கட பக்கம் எப்பவும் விடுபடுறது. ஆளைக் கண்டுபிடிச்சு, பக்கத்தில இருந்து, கிளினிக் வாசல் வரைக்கும் கூடப் போய், அடுத்த மாதமும் போகவைக்கிறதுதான் ஊர்க் குழுவின்ர வேலை. சிகிச்சை ஆசுபத்திரியின்ர வேலை.

ஆக்கள்: ஆறு முதல் எட்டுப் பேர், பாதிக்கு மேல பெண்கள். ஒராளுக்கு ஐந்து வீட்டுக்கு மேல குடுக்காதேங்கோ. இரண்டிரண்டு பேராப் போங்கோ, ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே முகங்கள் போகவேணும். கிழமையில ஒரே நாள், அரை மணித்தியாலம். "வருவம்" எண்டு சொல்லிப்போட்டுப் போகாமல் விடுறது, போகாமலே இருக்கிறதிலும் பிழை. தனிய இருக்கிற மனுசர் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முகம் கழுவிப்போட்டு இருப்பினம்.

ஆரைச் சேர்க்கக்கூடாது எண்டதைக் கூட்டத்தில பேர் சொல்லாமல் முதலே முடிவெடுங்கோ. வாரக் கடன் சேர்க்கிறவை வேண்டாம். சங்கத் தேர்தலில நிக்கப்போறவை வேண்டாம். கேட்ட கதையைத் தேத்தண்ணிக் கடையில அவிழ்க்கிற ஆள் எவ்வளவு கெட்டிக்காரர் எண்டாலும் வேண்டாம். ஒரு கதை ஒருக்கா வெளியில போனால் அந்த ஒழுங்கையில இனி ஒரு வீடும் திறக்காது. மூண்டு விஷயம் மட்டும் வெளியில சொல்லலாம்: ஆள் தன்ர உயிருக்கு ஆபத்து, மற்றாளுக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல். அதுவும் உதவி செய்யக்கூடிய ஆளுக்கு மட்டும். இதைப் போற முதல் நாளே வீட்டுக்காரருக்குச் சொல்லவேணும்.

பிறகு, சொல்லுகள். மனச்சோர்வு, மனவழுத்தம் எண்டு கேட்டால் எல்லாரும் "அப்பிடி ஒண்டும் இல்லை" எண்டுதான் சொல்லுவினம். எங்கட சனம் சொல்லுறது "யோசினை கூடிப்போச்சு", "நெஞ்சுக்குள்ள இடிக்குது", "பெருமூச்சு வருது", "உடம்பு முழுக்க உழைவு", "சோறு இறங்குதில்லை". உழைவுக்குக் குளிசை வாங்கி வாங்கி வருசக்கணக்காத் திரியிற ஆளிட்ட நித்திரையைக் கேளுங்கோ. விடிய மூண்டு மணிக்கு முழிச்சு அதுக்குப் பிறகு கண் மூடுறதில்லையோ? முந்தி விருப்பத்தோட செய்த வேலையை இப்ப செய்யினமோ? இரண்டு கிழமைக்கு மேல அனேகமான நாள் இப்பிடியெண்டால் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். வாயால சொல்லாததை முற்றம் சொல்லும்: பத்து மணியாகியும் கோழிக்கூடு திறபடேல்லை, முற்றம் கூட்டுப்படேல்லை, சாமிப் படத்துக்கு முன்னால போன கிழமைப் பூ காய்ஞ்சு கிடக்கு. இதுகளைப் பாக்கத்தான் ஆக்களைப் பழக்கவேணும்.

பொதியைப் பற்றி ஒரு சொல். பொதியோட போனால் அடுத்த முறையும் பொதியைத்தான் எதிர்பாப்பினம், கிடைக்காத வீட்டில கோபம் வரும். குடுக்கிறதெண்டால் சங்கம் வேற நாளில, வேற ஆக்களைக் கொண்டு குடுக்கட்டும்.

கிளினிக்_மிஸ்ஸி

பாலைமரத்தடி அண்ணை சொன்னதோட மருந்துப் பக்கத்தைச் சேர்க்கிறன். கிளினிக்கில ஆக்கள் விடுபடுறது பெரும்பாலும் இதிலதான்.

மனச்சோர்வுக் குளிசை முதல் நாளே வேலை செய்யாது. இரண்டு முதல் நாலு கிழமை பிடிக்கும், சிலருக்கு ஆறு. ஆனால் வயித்துப் பிரட்டலும் தலைச்சுத்தும் முதல் கிழமையே வரும். பலன் தெரிய முதல் பக்கவிளைவு வாறதால பத்தாம் நாள் குளிசை அலுமாரிக்குள்ள போயிடும். குழுவில இருக்கிறவை அந்த முதல் மாதம் கிழமைக்கு இரண்டு தரம் எட்டிப் பாத்தாலே பெரிய உதவி. அதைப்போல, சுகம் வந்தவுடன நிப்பாட்டுறதும் பிழை. முதல் தரம் வந்த மனச்சோர்வெண்டாலும் சுகமான பிறகு குறைஞ்சது ஆறு மாதம் தொடரவேணும். நிப்பாட்டேக்க டொக்டர் சொன்னபடி படிப்படியாக் குறைக்கவேணும். இளம் ஆக்களுக்குத் தொடங்கின முதல் கிழமைகளில பதகளிப்போ சாகிற யோசனையோ கூடினால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடன வாங்கோ.

இரண்டு கிழமைக்கோ மாதத்துக்கோ ஒருக்காப் போடுற மனநோய் ஊசி உள்ள ஆக்களின்ர திகதியைக் குழு ஒரு நாட்காட்டியில குறிக்கட்டும். காலபோக அறுவடை நேரம் கிளினிக் வரவு விழுகிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அறுவடைக்கு முந்தின கிளினிக்கிலயே "கூடுதல் நாளுக்கு மருந்து தாங்கோ, ஊசியைக் கிட்ட உள்ள ஆசுபத்திரியில போடக் கடிதம் தாங்கோ" எண்டு கேக்கலாம். லிதியம் (மனநிலை ஏறி இறங்குற நோய்க்குக் குடுக்கிற மருந்து) எடுக்கிற ஆள் சிறுபோக வெய்யிலில தண்ணி குடியாமல் வேலை செய்தால் மருந்து உடம்பில ஏறி நஞ்சாகும். வயித்தோட்டம், சத்தி, கை நடுக்கம், நடை தள்ளாட்டம் கண்டால் அண்டைக்கே ஆசுபத்திரி. லிதியம் எடுக்கிறவைக்கு மூட்டு நோவெண்டு புரூபன், டைக்ளோபெனாக் குளிசையளைக் கடையில வாங்கிக் குடுக்கவும் கூடாது.

வயது போன ஆக்களிட்ட போனால் மருந்துப் பையைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ. ஷொப்பிங் பைக்குள்ள பதினைஞ்சு காகித உறை இருக்கும். ஒண்டில எழுத்து அழிஞ்சிருக்கும், இரண்டில ஒரே மருந்து வேற வேற ஆசுபத்திரியால வந்திருக்கும். நித்திரைக்கெண்டு அமிற்ரிப்ரிலினும், தடிமனுக்கெண்டு கடையில வாங்கின பிரிற்றன் (Piriton) குளிசையும் ஒண்டாப் போனால் வாய் காயும், சலம் அடைக்கும், மலம் இறுகும், இரவில எழும்பேக்க விழுவினம், புத்தி தடுமாறும். அந்தப் பையை அப்பிடியே கிளினிக்குக்குக் கொண்டு வாங்கோ. நீங்கள் ஒண்டையும் எறியவோ நிப்பாட்டவோ வேண்டாம். வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கு உறையில சூரியனும் சந்திரனும் கீறி, எத்தினை குளிசையோ அத்தினை புள்ளி வைக்கச்சொல்லி மருந்து குடுக்கிற இடத்திலயே கேளுங்கோ.

இன்னொண்டு, அவசரமானது. வயது போன ஆள் ஒண்டு இரண்டு நாளுக்குள்ள திடீரெண்டு மாறிக் கதைச்சால், நேரம் இடம் தெரியாமல் போனால், அல்லது வழமைக்கு மாறா ஒரே மயக்கமாக் கிடந்தால் அதை "வயது போனால் அப்பிடித்தான்" எண்டு விடாதேங்கோ. மறதிநோய் மாதக்கணக்கில, வருசக்கணக்கில மெல்ல வாறது. திடீரெண்டு வந்தால் அனேகமாச் சலத்தில கிருமி, நீர் வற்றினது, சீனியோ சோடியமோ குறைஞ்சது, புது மருந்து. திருப்பக்கூடியது, ஆனால் அண்டைக்கே காட்டவேணும். மெல்ல வந்த மறதிக்கும் தைரொயிட், பி12 பாக்கச்சொல்லிக் கேளுங்கோ. மனச்சோர்வும் வயது போன ஆக்களில மறதி மாதிரியே வரும். காது கேளாததைப் புத்தி மாறாட்டம் எண்டு நினைக்கிறதும் நடக்குது.

பெடியளில நீங்கள் கவனிக்கவேண்டியது: கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறது, குளிக்காமல் விடுறது, தனியக் கதைக்கிறது, அயலில உள்ளவை தன்னைப்பற்றிக் கதைக்கினம் எண்டு சொல்லுறது. 15க்கும் 25க்கும் இடையில இது தொடங்கினால் ஒரு மாதம் பிந்தினாலும் பாதிப்புத்தான். கஞ்சா அதைக் கூட்டும். வீட்டுக்காரர் நூல் கட்டினவை, பார்வை பாத்தவை எண்டால் அதோட சண்டை பிடிக்காதேங்கோ. "நூலும் கட்டுங்கோ, கிளினிக்குக்கும் வாங்கோ" எண்டால் வருவினம். கட்டி வைக்கிறதும் அடிக்கிறதும் பட்டினி போடுறதும் மட்டும் கூடாது எண்டதில உறுதியா நில்லுங்கோ.

வாய்க்கால்

வயல் ஊர் எண்டபடியால் பூச்சி மருந்தைப் பற்றி ஆரும் சொல்லாமல் விட்டது குறை. குழுக்கள் பூட்டுப்பெட்டி குடுக்கிற திட்டம் போடுறதுண்டு. பக்கத்து அனுராதபுர மாவட்டத்தில 180 கிராமங்களில பூட்டுப்பெட்டி குடுத்த, குடுக்காத ஊர்களை ஒப்பிட்டு 2017இல வந்த பெரிய ஆய்வில நஞ்சருந்தல் குறையேல்லை. உண்மையில உயிர்களைக் காத்தது கடும் நஞ்சான மருந்துகளுக்கு வந்த தடைதான். பராகுவாட், டைமெதோயேட், பென்தியன் மூண்டும் 2008 முதல் 2011 வரை படிப்படியா நிப்பாட்டப்பட்டது. அதால பெட்டிக்குக் காசு சேர்க்கிறதை விட்டுப்போட்டு, வீட்டில மிச்சம் வைக்காமல் அந்த முறைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்க ஊரைப் பழக்குங்கோ. ஒரு வீட்டில ஆள் மனம் உடைஞ்சு இருக்கிற காலத்தில அந்த வீட்டுப் போத்தல் வேற வீட்டுக்குப் போகட்டும்.

ஆளிட்ட நேராக் கேக்கலாம்: "சாகவேணும் எண்ட யோசனை வருதோ?" கேக்கிறதால அந்த எண்ணம் புதுசா வராது. ஓம் எண்டால் தனிய விடாதேங்கோ. நஞ்சு குடிச்ச ஆளுக்கு உப்புத்தண்ணி, சவர்க்காரத்தண்ணி பருக்கிச் சத்தி எடுக்கவைக்காதேங்கோ, அது நுரையீரலுக்குள்ள போகும். மருந்து பட்ட உடுப்பைக் கழற்றி உடம்பைக் கழுவி, ஒரு பக்கமாச் சரிச்சுக் கிடத்தி, அம்புலன்சுக்கு 1990 எண்ட இலக்கத்துக்கு அடிச்சு, போத்தலையும் கையோட கொண்டுபோங்கோ. பொலிசுக்குப் பயந்து பிந்தாதேங்கோ. தற்கொலைக்கு முயலுறது குற்றம் எண்ட சட்டப்பிரிவு 1998இலயே நீக்கப்பட்டிட்டுது.

முத்தையன்கட்டான்

எல்லாருக்கும் நன்றி. இன்னும் மூண்டு கேள்வி. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாமார் ஏழு பேர் ஊரில இருக்கினம். "இனி ஏற்றுக்கொள்ளுங்கோ" எண்டு சொல்லவேணுமோ, சொல்லக்கூடாதோ? பெடியள் 'மனநலம்' எண்ட சொல்லைக் கேட்டாலே ஓடுவாங்கள், அவங்களை எப்பிடிச் சேர்க்கிறது? குடிக்கிறவையை உடன நிப்பாட்டச்சொல்லலாமோ?

கிளினிக்_மிஸ்ஸி

கடைசிக் கேள்விக்கு மட்டும். ஒவ்வொரு நாளும் விடியவே குடிக்கிற ஆளை வீட்டில வைச்சு ஒரேயடியா நிப்பாட்டாதேங்கோ. ஆறு மணித்தியாலத்தால நடுக்கம், வியர்வை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். இரண்டாம் மூண்டாம் நாள் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியும், அதில உயிரும் போகலாம். கோயிலில சத்தியம் பண்ணிவிட்டு வந்து மூண்டாம் நாள் விழுறது இதாலதான். சத்தியம் பண்ணட்டும், ஆனால் ஆசுபத்திரியில சேர்ந்து நிப்பாட்டட்டும். அங்க தயமினும் (பி1 விற்றமின்) நடுக்கத்துக்கு மருந்தும் குடுப்பினம்.

நிழல்வாகை

சகோதரம், அம்மாமாரைப் பற்றி. "ஏற்றுக்கொள்ளுங்கோ" எண்டு சொல்லக்கூடாது. செத்தவைக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி, திவசம் எண்டு எங்கட சமூகம் படி படியா வழி வைச்சிருக்கு. காணாமல் போன பிள்ளைக்கு அந்த ஒரு படியும் இல்லை. பொட்டு வைக்கிறதோ விடுறதோ எண்டதில இருந்து பிள்ளையின்ர கட்டிலைக் கழற்றுறதோ எண்டது வரைக்கும் முடிவில்லாத கேள்வி. அது நோய் இல்லை, ஆனால் அதுக்கு மேல நோய் வரலாம். நித்திரை, சாப்பாடு, எழும்பி நடமாட்டம் நிண்டுபோனால் கிளினிக். மற்றும்படி பிள்ளையைப் பற்றி உயிரோட இருக்கிற மாதிரிக் கதைச்சால் அப்பிடியே கேளுங்கோ, திருத்தாதேங்கோ.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20 தொடங்கின போராட்டத்துக்கோ வேற இடங்களுக்கோ போய்வாற அம்மாமாரை "போகாதேங்கோ, மனம் கெடும்" எண்டு தடுக்கவேண்டாம். கேட்ட கேள்விக்கு மறுமொழி வராத தாய்க்கு, அதே கேள்வியோட இருக்கிற இன்னொரு தாய் பக்கத்தில இருக்கிறது பெரிய ஆறுதல். பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னிச் சனத்தைப் பற்றி 2010இல எழுதினதில கூட்டு மனவடு எண்டு சொல்லுறதும் இதைத்தான். உடைஞ்சது தனி மனம் மட்டுமில்லை, குடும்பம், அயல், ஊர் எண்ட கட்டு. அப்ப கட்டவேண்டியதும் அதைத்தான். போர் நினைவு நாள்கள் வாற மே மாதமும் கார்த்திகையும் பிள்ளையின்ர பிறந்தநாளும் முதலே குறிச்சு வைச்சு அந்த நாளில கட்டாயம் போங்கோ. மரணச் சான்றிதழ் இல்லாமல் 'ஆளைக் காணவில்லை' எண்டு பதியிற சான்றிதழுக்கு 2016இல சட்டத்தில வழி வந்தது. அதை எடுக்கிறதோ இல்லையோ எண்டது அந்தத் தாயின்ர முடிவு. குழு தகவல் சொல்லலாம், தள்ளக்கூடாது.

பெடியளுக்கு 'மனநலம்' எண்டு பலகை போடவேண்டாம். விளையாட்டுக்கழகம், சனசமூக நிலையம் இரண்டும் இருக்குமே. பின்னேரம் வலைப்பந்து, கரப்பந்து நடக்கிற இடத்தில குழுவில ஒராள் எப்பவும் நிக்கட்டும். பெட்டையளுக்கு வேற நேரமும் வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஆளும் ஒழுங்கு செய்யாமல் "அவை வருகினமில்லை" எண்டு சொல்லக்கூடாது. கதை மைதானத்தில வராது, சைக்கிள் காத்தடிக்கேக்க, வீடு திரும்பேக்க வரும்.

இரவு பகல் மாறின பிள்ளையிட்ட போனைப் பறிச்சால் சண்டைதான் மிஞ்சும். எழும்புற நேரத்தைப் பிடியுங்கோ: எத்தினை மணிக்குப் படுத்தாலும் காலமை ஒரே நேரம் எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள்ள வெளியில வெய்யிலுக்கு வரவேணும், பகலில நித்திரை இல்லை. பத்து மணிக்கு எழும்புறவரை முதல் கிழமை ஒன்பதரைக்கு, பிறகு ஒன்பதுக்கு. அதோட நாளுக்கு ஒரு சின்ன வேலை. ஆட்டுக்குக் குழை வெட்டுறது போதும். மனம் வந்த பிறகு செய்வம் எண்டு இருந்தால் மனம் வராது. செய்யச் செய்யத்தான் மனம் திரும்பும், இது மனச்சோர்வு சிகிச்சையிலயே ஒரு முறை. 18க்குக் குறைஞ்ச பிள்ளையெண்டால் பள்ளிக்கூட ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையும் பிரதேச செயலகச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. துன்புறுத்தல் எண்டால் 1929. இரவில கதைக்க ஆள் இல்லாட்டி 1926, தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம், 24 மணித்தியாலமும் இருக்கு. எடுத்தவுடன "தமிழில கதைக்கவேணும்" எண்டு சொல்லச்சொல்லுங்கோ. அது தெரியாமல் வைச்சிட்டு ஓடிற பிள்ளையள் இருக்கினம்.

மனுவும்_முத்திரையும்

கிளினிக்கைக் கிட்டக் கொண்டுவாறது பற்றி. உங்களுக்குக் கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலையில் மாதம் ஒரு நாள் மனநலக் களக் கிளினிக் இருக்கிறதா என்று முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். இருந்தும் ஊருக்குத் தெரியாமல் இருப்பது உண்டு.

இல்லையென்றால் கோரிக்கைக் கடிதம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு. பிரதிகள் மாகாணப் பணிப்பாளர், சுகாதார வைத்திய அதிகாரி, பிரதேச செயலர் மூவருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "மக்கள் பெரும் அவதியுறுகின்றனர்" என்ற வசனம் ஒரு பயனும் தராது. எத்தனை பேர் இப்போது கிளினிக் போகிறார்கள், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் எத்தனை தரம் தவறவிட்டார்கள், ஏன், போய்வர எத்தனை பஸ், எத்தனை ரூபாய், எத்தனை மணித்தியாலம். பெயர் ஒன்றும் எழுதக்கூடாது, வயதுப் பிரிவும் ஆண் பெண் எண்ணிக்கையும் மட்டும். சின்ன ஊரில் "62 வயது, கணவர் இல்லை, குளக்கட்டு வீதி" என்று எழுதினால் பெயர் எழுதினதுக்குச் சமம். கேட்பது ஒன்றாக இருக்கட்டும்: மாதம் ஒரு நாள், இந்த வைத்தியசாலை, பஸ் வந்து திரும்பும் நேரத்துக்குள். கிளினிக்குக்குக் கதிரை, தண்ணீர், வரவு கூப்பிட ஆள் ஆகியவற்றைச் சங்கம் தரும் என்றும் எழுதுங்கள். கையால் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதத்தைப் பின்தொடர முடியாது. பிறகு அதையே பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எடுக்கச்சொல்லிக் கேளுங்கள்.

பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்கு எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் கிளினிக் இல்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. "இம்மாவட்டத்தில் மனநல மருத்துவ அலுவலர் பதவிகள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, களக் கிளினிக் நடக்கும் இடங்களும் நாட்களும் எவை" என்று கேளுங்கள்.

முதியவர்களுக்கு: 60 வயது கடந்தவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், விதானையார் மூலம் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கேயே முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார்கள், வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்கலாம். வசதியுள்ள பிள்ளைகள் பார்க்காமல் விட்டால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பராமரிப்புச் சபையில் முறையிட வழி உண்டு. ஆனால் அதைத் தொடங்குமுன் அந்த மனுசர் உண்மையில் விரும்புகிறாரா என்று தனிமையில், இரண்டு தரம் கேளுங்கள். பிள்ளைக்கு எதிராகக் கையெழுத்து வைத்துவிட்டு அந்தக் கவலையிலேயே படுத்துவிடும் தாய்மார் உண்டு.

முத்தையன்கட்டான்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில தீர்மானத்தை மாத்தி எழுதிறம். கருத்தரங்குக்கு ஒதுக்கின காசு கிளினிக் நாள் ஓட்டோவுக்கு. முதலில ஆறு பேர், முப்பது வீடு. மனு அண்ணை, தவறவிட்ட கிளினிக் கணக்கை எடுக்க ஆக்களின்ர கிளினிக் கொப்பியைப் பாக்கலாமோ?

மனுவும்_முத்திரையும்

கொப்பியை அவரே திறந்து காட்டினால் மட்டும் பாருங்கள். திகதிகளை மட்டும் எண்ணுங்கள், நோயின் பெயர் உள்ள பக்கத்தைப் படம் எடுக்காதீர்கள். எண்ணி முடித்ததும் கொப்பியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அது இல்லாமல் போனால் மருந்து எடுக்கச் சிரமப்படுவார்.